டீ கிளாஸ் நடுங்கிய கோடை

எனக்கு பைபோலார்; மனநிலை ஒரேயடியாக ஏறுவதும் ஒரேயடியாக இறங்குவதுமான நோய். அதற்கு நாலு வருடமாக லித்தியம் மாத்திரை. போன மே மாதம் திடீரென்று கை நடுக்கம். டீ கிளாஸைத் தூக்கினால் பாதி சட்டையில்தான். வயிற்றுப்போக்கு வேறு.

'அந்த மாத்திரையையே தலைமுழுகு' என்றார் சித்தப்பா. முன்பு ஒருமுறை அப்படி நானாக நிறுத்தி, மூன்று ராத்திரி தூங்காமல் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவன் நான். அன்றைக்கே டாக்டரிடம் ஓடினேன்.

ரத்தத்தில் லித்தியம் 1.4. எனக்கு அவர் வைத்திருந்த எல்லை 0.6 முதல் 1.0 வரை. குடைந்து குடைந்து கேட்டதில் குற்றவாளிகள் சிக்கினார்கள்: வெயிலில் வியர்வை, குறைவான தண்ணீர், எடை குறைக்கிறேன் என்று நானே நிறுத்திய உப்பு. அப்புறம் முட்டிவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய ஐபுப்ரூஃபன். அதுதான் பெரிய வில்லன். லித்தியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றவிடாமல் செய்யுமாம்.

இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவைத்து, குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். அடுத்த வாரம் 0.8.

இப்போது உப்பு எப்போதும் ஒரே அளவு. பரிசோதனைக்கு ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுக்கிறேன். மருந்துக்கடையில் முதல் வார்த்தையே 'நான் லித்தியம் சாப்பிடுகிறவன்'தான். கடைப் பையன் முதலில் முழித்தான். இப்போது அவனே 'அண்ணே, இது உங்களுக்கு ஆகாது' என்கிறான்.