சாட்டிலைட் படத்த வாட்டர்கலர்ல வரையலாம் வாங்க

சில சாட்டிலைட் படத்துல காடு ரத்தச் சிவப்பா இருக்கும், பாத்திருப்பீங்க. அது யாரோ அழகுக்காக மாத்துன கலர் இல்லங்க, அது ஒரு அளவு. பச்சை இலை சிவப்பு வெளிச்சத்த உறிஞ்சிக்கிட்டு, நம்ம கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட்ட பலமா திருப்பி அனுப்பும், அந்த இன்ஃப்ராரெட்டத்தான் ஸ்கிரீன்ல சிவப்பா காட்டுறாங்க. தண்ணி அத முழுங்கிடும், அதனால ஆழமான தண்ணி கருப்பா தெரியும். இது புரிஞ்சிட்டா பாதி ஓவியம் முடிஞ்ச மாதிரி.

முதல்ல படம். கோப்பர்நிகஸ் பிரவுசர்னு தேடுங்க, ஐரோப்பிய சாட்டிலைட் படங்கள பாக்குற வெப்சைட், ஃப்ரீதான். மேப்ல ஆறு கிளை கிளையா பிரியிற இடத்துக்குப் போங்க, ரஷ்யாவோட லேனா டெல்டா மாதிரி. சென்டினல்-2ங்கிற சாட்டிலைட்டோட படம் ஒன்னு எடுத்து, இன்ஃப்ராரெட்ட சிவப்பா காட்டுற ஃபால்ஸ் கலர் லேயர போடுங்க. சாட்டிலைட் தனித்தனியா அளக்குற ஒவ்வொரு வெளிச்ச வகையும் ஒரு பேண்ட்; அதுல பேண்ட் 8 (இன்ஃப்ராரெட்) சிவப்பா, 4 (சிவப்பு) பச்சையா, 3 (பச்சை) நீலமா வரும், ஒரு பிக்சல் தரையில 10 மீட்டர்.

எல்லாரும் மேகமே இல்லாத நாளத்தான் தேடுவாங்க, நான் சொல்றேன், கொஞ்சம் மேகம் இருக்கிற நாளா எடுங்க. நிலமும் வானிலையும் ஒரே தாள்ல கிடைக்கிறது அப்பதான்.

அடுத்து பிரிண்ட் போட்டு, ஜன்னல் கண்ணாடில ஒட்டி, மேல வாட்டர்கலர் தாள வச்சு பென்சில்ல லேசா டிரேஸ் பண்ணுங்க. தாள் தடிமனா இருந்தா கோடு சரியா தெரியாது, அப்ப கார்பன் தாள் போதும்.

இப்ப பெயிண்டிங். மேகத்துக்கு வெள்ளை பெயிண்ட் வேணாம், தாள அப்படியே விட்ருங்க. மொதல்ல வெளிறின சிவப்ப தண்ணியா பூசி, காய்ஞ்சப்புறம் செடி அடர்த்தியா இருக்கிற இடத்துல மட்டும் இன்னொரு பூச்சு, இன்னும் அடர்த்தின்னா மூனாவது, அதாவது எத்தன பூச்சுங்கிறதே அங்க எவ்வளவு பச்சை இருக்குன்னு சொல்லணும், இங்க அவசரப்பட்டா எல்லாம் ஒரே சிவப்பாகி படம் செத்துப்போயிடும். ஆறு கடைசில, ஒரே இழுப்புல.

மேகத்தோட நிழல மறந்துடாதீங்க. இந்த சாட்டிலைட் பூமத்திய ரேகைய உள்ளூர் நேரம் காலைல 10.30 வாக்குல கடக்குது, அதனால வடக்குப் பக்க நாடுகள்ல நிழல் பெரும்பாலும் வடமேற்கா, லேனா மாதிரி ரொம்ப வடக்குல கிட்டத்தட்ட வடக்கா விழும், எல்லா மேகத்துக்கும் ஒரே திசைதான்.

கடைசியா கீழ் மூலையில படம் எடுத்த தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை எழுதுங்க, பாக்கிறவங்க அதே இடத்த அதே நாள்ல திறந்து பாக்கலாம்.