பண்டைய நாகரிகங்கள் பற்றிய கட்டுரை விடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்றில் மார்க்கு குறைந்தால் வீட்டில் முதலில் சொல்வது "இன்னும் நன்றாகப் படித்திருக்கலாம்" என்பதுதான். தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் திருத்த வரும் விடைத்தாள்களைப் பார்த்தால், பெரும்பாலும் குறை அங்கே இல்லை. பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நைல், பாப்பிரஸ், மம்மி, பிரமிடு எல்லாம் தாளில் இருக்கின்றன. கேட்ட கேள்விக்கான பதில் மட்டும் இல்லை.

நம் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பில் எகிப்து வருகிறது, ஆறாம் வகுப்பில் லிம்போபோ நதிக்கரையில் இருந்த பழைய ஆப்பிரிக்க அரசான மாபுங்குப்வே. அந்த வயதில் தெரிந்ததை எல்லாம் எழுதினால் ஆசிரியர் பாராட்டுவார். பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான மெட்ரிக்கில், வரலாற்றுத் தாளில் நிலைமை வேறு. அங்கே ஒரு கட்டுரைக்கு 50 மார்க்கு, அதில் தகவலோடு வாதத்தையும் எடை போடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு எடுத்தால் வாதம்தான் முழுக்க முழுக்க. சின்ன வகுப்பில் பழகிய "எல்லாவற்றையும் கொட்டு" பழக்கம் அங்கேயும் கூடவே வந்துவிடுகிறது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: "எகிப்திய நாகரிகத்தின் வளர்ச்சிக்கு நைல் நதி எந்த அளவுக்குக் காரணம்?" பெரும்பாலானவர்கள் வெள்ளம், வண்டல், கோதுமை என்று நன்றாகத் தொடங்குவார்கள். அப்புறம் மம்மி செய்யும் முறை வரும். 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்தது வரும். ஒவ்வொரு வரியும் சரிதான். ஆனால் "எந்த அளவுக்கு" என்ற இரண்டு சொற்களுக்கு யாருமே பதில் சொல்லவில்லை. கேள்வி ஓர் அளவைக் கேட்கிறது. முழுக்கவா, பாதியா, நைல் இல்லாமல் வேறு என்ன வேண்டியிருந்தது என்று ஒரு நிலை எடுத்தே ஆகவேண்டும்.

நிலை எடுத்தவுடன் தகவல்கள் தாமாகவே வேலை செய்யத் தொடங்கும். நைல் உபரித் தானியம் தந்தது. அந்த உபரியைக் கணக்கெடுத்து, சேமித்து, பங்கிட்டுக் கொடுக்க எழுத்தரும் வரியும் ஓர் அரசும் தேவைப்பட்டன என்பது உங்கள் நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு அருமையான சான்று ஒன்று இருக்கிறது. 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்னும் இடத்தில் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. மெரர் என்ற அதிகாரி எழுதி வைத்த பணிக்குறிப்பு அது. கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னன் காலத்தில், இன்றைக்கு 4,500 ஆண்டுகளுக்கு முன், துரா கல்குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி கீசாவுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். நதி பாதையாக இருந்ததற்கும், அந்தப் பாதையை ஓட்டியது அரசின் கணக்கும் ஆளும்தான் என்பதற்கும் இந்த ஓர் ஏடே போதும். இப்படி ஒரு சான்று கையில் இருக்கும்போது மம்மிக்கு இடமே தேவையில்லை. தெரிந்ததை விட்டுவிடுவது கஷ்டம்தான், ஆனால் நல்ல விடை அங்கேதான் பிறக்கிறது.

முன்னுரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "பழங்காலம் முதலே மனிதன் நதிக்கரைகளில் வாழ்ந்து வந்தான்" என்று தொடங்கும் வரியை அடித்துவிடுங்கள். முதல் மூன்று வரிக்குள் உங்கள் பதில் தெரியவேண்டும்.

அடுத்தது, சான்று இருக்க வேண்டிய இடத்தில் பாராட்டை வைப்பது. "எகிப்தியர் மிகவும் திறமைசாலிகள். பிரம்மாண்டமான பிரமிடுகளைக் கட்டினார்கள். இது அவர்களுடைய பெருமையைக் காட்டுகிறது." மூன்று வாக்கியம், ஆனால் திருத்துபவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்: "பிரமிடு கட்டியவர்கள் சவுக்கடிபட்ட அடிமைக் கூட்டம் என்ற கருத்தைக் கீசா அகழாய்வு ஆதரிக்கவில்லை. 1990இல் பிரமிடுகளுக்கு அருகிலேயே தொழிலாளர் கல்லறைகள் கிடைத்தன. பக்கத்தில் அவர்கள் தங்கிய குடியிருப்பும் ரொட்டி சுட்ட அடுப்புகளும் தோண்டி எடுக்கப்பட்டன. அரசன் கல்லறையின் பக்கத்தில் மரியாதையோடு புதைக்கப்பட்டவர்களை வெறும் அடிமைகள் என்று கொள்வது கடினம். ஆகவே அரசு ஆட்களைத் திரட்டி, உணவளித்து, வேலை வாங்கியது என்று சொல்வதே பொருந்தும்." ஒரு கருத்து, அதற்குச் சான்று, சான்றிலிருந்து முடிவுக்கு எப்படி வந்தோம் என்ற விளக்கம். கடைசியில் சொன்ன விளக்கத்தைத்தான் பிள்ளைகள் எழுதாமல் விடுகிறார்கள். சான்றைச் சொன்னாலே போதும், மீதியைப் படிப்பவர் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறார்கள். அந்த வேலை எழுதுபவருடையது.

சான்றைப் பாதியாகச் சொல்வதும் உண்டு. சட்டங்களைக் கல்லில் செதுக்கிவைத்த பாபிலோன் அரசன் ஹம்முராபி என்றால் எல்லாருக்கும் "கண்ணுக்குக் கண்" நினைவுக்கு வரும். அதே சட்டத்தில் கீழ்நிலைக் குடிமகன் ஒருவனின் கண்ணைக் கெடுத்தால் ஒரு மினா (அக்கால எடை அளவு) வெள்ளிதான் அபராதம், அடிமையின் கண்ணுக்கு அவன் விலையில் பாதி. சமமான தகுதி உள்ளவர்களுக்குள் மட்டும்தான் கண்ணுக்குக் கண். "ஹம்முராபியின் சட்டம் நீதியானதா?" என்று கேட்டால் விடையின் உயிரே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. இன்னும் ஒரு படி மேலே போகலாம்: கல்லில் செதுக்கியது அரசன் தன்னைப் பற்றி ஊர் என்ன நினைக்க வேண்டும் என்று விரும்பினானோ அதைக் காட்டுகிறது, தெருவில் அன்றாடம் என்ன நடந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

நம் மண்ணில் இருந்துகொண்டு வரலாறு எழுதுபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது, ஒரு கருத்தை யார், எப்போது, ஏன் சொன்னார்கள் என்பதை. 1871இல் கார்ல் மவுக் என்ற ஜெர்மானியர், இன்றைய ஜிம்பாப்வே நாட்டில் இருக்கும் கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய நகரத்தின் கல்மதில்களைப் பார்த்தார். அங்கிருந்த மரத்துண்டு தன் பென்சிலின் தேவதாரு மரம்போல இருந்ததால், அது லெபனானிலிருந்து வந்திருக்க வேண்டும், ஆகவே கட்டியது பைபிளில் வரும் ஷேபா நாட்டு ராணி என்று முடிவு கட்டினார். 1905இல் டேவிட் ராண்டல்-மக்ஐவர் தோண்டிப் பார்த்து, இது ஆப்பிரிக்கர் கட்டியது என்றார். 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் அதையே இன்னும் உறுதியாக நிறுவினார். அதற்குப் பிறகும் ரொடீஷிய (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் அரசு பழைய கதையை விடவில்லை. உண்மையைச் சொன்ன தொல்லியலாளர்களுக்கு நெருக்கடி கொடுத்தது. மாபுங்குப்வே குன்றில் 1930களில் கிடைத்த தங்கக் காண்டாமிருகமும் பல பத்தாண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வராமலே இருந்தது. 13ஆம் நூற்றாண்டிலேயே லிம்போபோ கரையில் தங்கம் பயன்படுத்தி, இந்தியப் பெருங்கடல் வாணிபத்தில் கண்ணாடி மணிகள் வாங்கிய ஓர் அரசு இருந்தது என்பது, ஆளில்லாத நிலத்துக்கு வெள்ளையர் வந்தார்கள் என்ற கதைக்கு ஒத்துவரவில்லை.

இதை விடையில் ஒரு பத்தி எழுதினால் போதும், அந்தப் பிள்ளை சிந்திக்கிறது என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். "சிலர் கூறுகின்றனர்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட, "இந்தக் கருத்து காலனி ஆட்சிக்கு வசதியாக இருந்தது, அகழாய்வு அதை மறுத்தது" என்று எழுதுவது எவ்வளவோ மேல்.

இதே கண்டிப்பை நம் பெருமைகள் மேலும் காட்ட வேண்டும், இதை நம் பிள்ளைகளுக்காகவே அழுத்திச் சொல்கிறேன். சிந்துவெளி பற்றிக் கேள்வி வந்தால் "சிந்துவெளி எழுத்து தமிழ்தான்" என்று உறுதியாக எழுதிவிடுகிறார்கள். அந்த எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு அரசு 2025இல்தான் அறிவித்தது. ஆய்வாளர்கள் அஸ்கோ பர்ப்போலாவும் ஐராவதம் மகாதேவனும் அது திராவிட மொழியாக இருக்கலாம் என்று காரணங்களோடு வாதிட்டார்கள். அதை அப்படியே, யார் வாதிட்டார், என்ன அடிப்படையில் என்று எழுதினால் மார்க்கு கிடைக்கும், நம் மொழிக்கும் அதுதான் கௌரவம். கீழடியை நேராகச் சிந்துவெளியோடு ஒட்டவைப்பதும் அப்படித்தான். சிந்துவெளி நகரங்கள் செழித்திருந்தது ஏறக்குறைய கி.மு. 2600 முதல் 1900 வரை. கீழடியில் கிடைத்த காலக்கணிப்பு கி.மு. 6ஆம் நூற்றாண்டு. நடுவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. தொடர்பு உண்டு என்பவர் அந்த இடைவெளியை எப்படி நிரப்புகிறார் என்று சொல்லியாக வேண்டும்.

பழைய புத்தகங்களை நம்பி எழுதுவதும் இங்கேதான் அதிகம். சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவில் கிடைத்த எலும்புக்கூடுகளை வைத்து, ஆரியர் படையெடுத்து நகரத்தை அழித்தார்கள் என்றார் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர். 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் அந்தப் படுகொலைக் கதைக்குச் சான்று போதாது என்று எடுத்துக்காட்டினார். சிந்துவெளி நகரங்களின் வீழ்ச்சிக்குக் காரணமாக, மழை குறைந்ததும் நதிகள் மாறியதும் இன்று அதிகம் பேசப்படுகின்றன. ஒரே காரணத்தைப் பிடித்துத் தொங்காமல், எது முதலில் வந்தது, எது எதைத் தூண்டியது என்று எழுதுங்கள்.

காலக்கணக்கில் ஒரு எச்சரிக்கை. "பண்டைய" என்ற ஒரே பைக்குள் எல்லாவற்றையும் போடாதீர்கள். கூஃபுவின் பிரமிடு எழுந்த காலத்துக்கும் கிளியோபாட்ரா இறந்த கி.மு. 30க்கும் இடையே சுமார் 2,500 ஆண்டுகள். அவளிடமிருந்து நமக்கு அதைவிடக் குறைவு. மாபுங்குப்வே அவளுக்கும் 1,200 ஆண்டு பிந்தியது.

எதிர்க்கருத்தைச் சொன்னால் தன் வாதம் பலவீனமாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எதிர்க்கருத்தை நேர்மையாகச் சொல்லி, அது எங்கே நிற்கவில்லை என்று காட்டினால்தான் வாதத்துக்கு வலு வரும். அதை முடிவுரையில் திடீரென்று கொண்டுவராமல் நடுவிலேயே முடித்துவிடுங்கள்.

நேரம் பற்றிச் சொன்னால், மெட்ரிக் தாளில் மூன்று மணி நேரத்தில் மூன்று கேள்வி. ஐந்து நிமிடம் திட்டமிட ஒதுக்குவது வீணில்லை. வீட்டில் பயிற்சிக்கு எழுதியபின், ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்து வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியங்களை மட்டும் படித்தாலே கேள்விக்குப் பதில் கிடைக்கிறதா என்று அம்மாவையோ அண்ணனையோ கேளுங்கள். அவர்களுக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கே புரியவில்லை என்று சொல்கிறார்களோ அந்தப் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.