ஓராண்டு எம்.எஸ்சி.யிலிருந்து பிஎச்.டி.க்கு

பிரிட்டனில் பாடவழி எம்.எஸ்சி. பெரும்பாலும் ஒரே வருடம். மொத்தம் 180 கிரெடிட்டில் (படிப்பின் அளவைக் குறிக்கும் புள்ளிகள்) ஆய்வேட்டுக்கு வழக்கமாக 60தான், அதுவும் படிப்பின் கடைசியில், கோடையில். உதவித்தொகையுள்ள பிஎச்.டி. இடங்கள் பலவற்றுக்கோ டிசம்பர், ஜனவரியிலேயே கடைசித் தேதி. அப்போது என் கையில் காட்ட ஆய்வே இல்லை. எல்லா இடத்திலும் நிராகரிப்பு.

சரி, அடுத்த சுற்றுக்குத் தயாரானேன். ஆய்வேட்டுக்குக் கணினித் தரவுத் தலைப்பை விட்டு, ஆய்வகத்தில் நின்று செய்யும் புரதச் சுத்திகரிப்பை (கலவையிலிருந்து ஒரு புரதத்தை மட்டும் பிரித்தெடுப்பது) எடுத்தேன். பரிந்துரைக் கடிதமும் அந்த வழிகாட்டியிடமே வாங்கினேன் (வகுப்பில் மட்டும் பார்த்தவர் மதிப்பெண்ணைத் தவிர வேறென்ன எழுதுவார்?). அப்புறம் ஓர் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. பேராசிரியர்களுக்கு விண்ணப்பத்துக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பினேன். சொதப்பிய ஒரு சோதனையையும் அதில் விளக்கினேன். நேர்காணலில் அதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். இடம் கிடைத்தது.