பிரித்தால் சரியாகும் தவறு, பிரித்தாலும் சரியாகாத தவறு

கோத்தகிரியில் இருக்கும் தங்கை மகனுக்கு, முதல் பிறந்தநாளுக்குள் ஒரு ஸ்வெட்டர் பின்னித் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். நான் பின்னிய முதல் ஸ்வெட்டர் அதுதான். கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால் குழந்தையின் தலையே உள்ளே நுழையவில்லை. போதாததற்கு உடம்பு ஒரு மஞ்சள், கை இரண்டும் வேறு மஞ்சள். “பரவால்லண்ணா, கரடி பொம்மைக்குப் போட்டுடலாம்” என்றாள் தங்கை.

அந்த ஒரே ஸ்வெட்டரில் இரண்டு வகைத் தவறும் இருந்தன. அளவு சிறுத்தது, பிரித்துப் பின்னினால் சரியாகிவிடும். நிறம் மாறியது, எத்தனை முறை பிரித்தாலும் சரியாகாது. புதிதாக ஊசி பிடிப்பவர்கள் முதல் வகைக்குப் பயந்து சாகிறார்கள், இரண்டாவதைக் கண்டுகொள்வதே இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். தையலில் தப்பாக வெட்டிய துணி வெட்டியதுதான். பின்னலில் கடைசி முடிச்சை விட்டு இழுத்தால் மொத்தமும் நூலாகத் திரும்பி வந்துவிடும். இந்த வசதி பெரும்பாலான கைவேலைகளில் இல்லை.

ஆகவே பிரித்தாலும் சரியாகாத தவறுகளை முதலில் பார்ப்போம். அவற்றில் பாதி கடையிலேயே நடக்கிறது.

ஒரே கம்பெனி, ஒரே நிற எண் என்றாலும் ஒரு தொட்டியில் சாயம் ஏறிய நூலும் அடுத்த தொட்டியில் ஏறிய நூலும் ஒன்றுபோல இருக்காது. அதனால்தான் நூலைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையில் நிற எண்ணோடு லாட் எண் என்று இன்னொன்றையும் அச்சிடுகிறார்கள். நான் நாலு உருண்டை வாங்கிப் பின்னத் தொடங்கி, போதாமல் இரண்டு மாதம் கழித்து அதே ஃபேன்சி ஸ்டோரில் இன்னும் இரண்டு வாங்கினேன். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே மஞ்சள்தான். கோத்தகிரி வெயிலில்தான் குட்டு வெளிப்பட்டது. தேவைக்கு மேல் ஓர் உருண்டை சேர்த்தே வாங்குங்கள், லாட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், அந்தக் காகிதப் பட்டையைத் தூக்கி எறியாதீர்கள். வேறு லாட்தான் கிடைத்தது என்றால் பழையதில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது, நூல் எதனால் ஆனது என்று கேட்காமல் வாங்குவது. நம் ஊர்க் கடைகளில் “உல்லன்” என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான். பட்டையில் எழுதியிருக்கும். பட்டை இல்லாத நூல் என்றால் ஒரு சிறு துண்டை இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தீயில் காட்டுங்கள். உண்மையான கம்பளி, முடி பொசுங்கும் நாற்றத்தோடு கருகும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கறுப்பு மணி போலக் கெட்டியாகும். பருத்தி காகிதம் மாதிரி எரியும்.

இது தெரியாவிட்டால் என்ன? பின்னி முடித்த பிறகுதான் வினை. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும், அதற்குப் பிறகு பிரிக்கக்கூட முடியாது. அக்ரிலிக்குக்கு எமன் இஸ்திரிப் பெட்டி. ஒரு முறை சூடாக வைத்து அழுத்தினால் துள்ளல் போய்ச் சவசவவென்று தொங்கும். பருத்தி சூட்டைத் தாங்கும், ஆனால் கம்பளி மாதிரி இழுத்தால் திரும்பாது. பெரிய உடுப்பாகப் பின்னினால் தன் கனத்திலேயே நீண்டுகொண்டு போகும். சமவெளியில் இருப்பவர்கள் பருத்தி நூலில் பாத்திரம் துடைக்கும் துணி, காய்கறிப் பை என்று தொடங்கலாம். சென்னையில் மஃப்ளர் பின்னி யாருக்குக் கொடுப்பது? மார்கழியில் குரங்குக் குல்லாவோடு நடைப்பயிற்சி போகும் மாமாக்கள் இருக்கிறார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இனி பிரித்தால் சரியாகும் தவறுகள். தலை நுழையாத கதைக்கு வருகிறேன். பட்டையில் 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) என்று இருந்தது. மார்புச் சுற்று 50 செ.மீ. வேண்டும், ஆகவே 110 கண்ணி என்று கணக்குப் போட்டு நேரே ஆரம்பித்துவிட்டேன். புதியவர்கள் எல்லோரையும் போல எனக்கும் இறுக்கக் கை. பிறகு அளந்து பார்த்தால் என் கையில் 10 செ.மீ.க்கு 26 கண்ணி விழுந்திருந்தது. 110 கண்ணியும் 42 செ.மீ. சொச்சத்துக்குத்தான் வந்தன. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சதுரம் பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு மணி நேரம் மிச்சம் பிடிக்கப் பார்த்து மூன்று மாதம் போனது. கழுத்துப் பட்டையையும் இறுக்கி முடித்திருந்தேன். கண்ணிகளை முடிக்கும் கடைசி வரிசைக்கு மட்டும் ஒரு சுற்றுப் பெரிய ஊசியை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஊசி எண்ணிலும் ஒரு குழி இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் கூடக் கூட ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் எண் கூடக் கூடத் தடிக்கும். 8 என்றால் பிரிட்டிஷ் கணக்கில் 4 மி.மீ., அமெரிக்கக் கணக்கில் 5 மி.மீ. 10 என்றால் 3.25 மி.மீ.யும் 6 மி.மீ.யும். யூடியூபில் அமெரிக்கப் பெண்மணி “10ஆம் நம்பர்” என்று சொல்வதைக் கேட்டு நம் கடையில் அதே எண்ணைக் கேட்டால் பாதித் தடிமனில் ஒன்று வரும். மி.மீ. அளவை மட்டும் நம்புங்கள்.

பலரும் “எங்கே தப்பு பண்ணினேன்?” என்று கேட்பது மஃப்ளர் சுருண்டுகொள்வதைத்தான். தப்பே இல்லை. வீட்டில் இருக்கும் பனியன் ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் சின்னச் சின்ன ‘வி’ வரிசையாக இறங்கும், உள்பக்கம் குறுக்கே மேடு மேடாக ஓடும். திருப்பூரில் இயந்திரம் ஓட்டுவதும் நாம் இரண்டு ஊசியில் ஓட்டுவதும் ஒரே பின்னல்தான். கையில் பின்னும்போது ஒரு வரிசை நிட் (நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் போடும் கண்ணி), ஒரு வரிசை பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும் கண்ணி). வெட்டிய பனியன் துணியின் ஓரம் எப்படிச் சுருளுமோ அப்படியே இதுவும் சுருளும், அது அதன் குணம். இஸ்திரி போட்டு மடக்கப் பார்க்காதீர்கள். இரண்டு ஓரத்திலும் நாலு கண்ணியை எல்லா வரிசையிலும் நிட்டாகவே பின்னி, மேலும் கீழும் ஆறு வரிசை அப்படியே ஓட்டினால் ஓரளவு தட்டையாகக் கிடக்கும்.

30 கண்ணியில் தொடங்கிய மஃப்ளர் 41 கண்ணியில் வந்து நிற்பதும் உண்டு. வரிசையைத் திருப்பும்போது நூல் ஊசிக்கு மேலே போய்விட்டால் ஓரத்தில் இருக்கும் ஒரு கண்ணி இரண்டாகத் தெரியும், அதை இரண்டாகவே பின்னிவிடுவோம். பர்ல் முடித்து நிட் போகும்போது நூலைப் பின்பக்கம் கொண்டுபோக மறந்தாலும் ஒரு கண்ணி கூடும். சில நாளைக்கு ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கண்ணி நழுவுவதைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியவர் வைகை எக்ஸ்பிரஸில் எதிர் இருக்கையில் வந்த ஓர் அம்மா. திண்டுக்கல் தாண்டியதும் ஒரு கண்ணி நழுவி, ஏணி மாதிரி ஆறேழு வரிசை கீழே இறங்கிவிட்டது. நான் ஊசியை உருவிப் பிரிக்கப் போனேன். “இருங்க தம்பி, இழுக்காதீங்க” என்று கையிலிருந்து வாங்கினார். முதலில் தன் புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நழுவிய கண்ணியில் மாட்டினார். ஏணி அங்கேயே நின்றது. அப்புறம் கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து வளைத்து, ஏணியின் ஒவ்வொரு படியையும் கண்ணிக்குள் இழுத்து இழுத்து மேலே கொண்டுவந்து ஊசியில் ஏற்றினார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்றிலிருந்து என் பையில் நாலு ஊக்கும் ஒரு குரோஷா ஊசியும் எப்போதும் கிடக்கின்றன.

ரயிலுக்குச் சிக்கலான டிசைனை எடுத்துப் போகாதீர்கள். டிக்கெட் பரிசோதகர், காபி, எதிர் சீட்டுக் குடும்பக் கதை என்று கவனம் சிதறிக்கொண்டே இருக்கும், வரிசை எண்ணிக்கை நிற்காது. மனம் வேறெங்கோ இருந்தாலும் கை ஓடுகிற வேலைதான் அங்கே சரி. நீள ஊசியை விட இரண்டு முனையையும் ஒயர் இணைக்கும் வட்ட ஊசி நல்லது, பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடிக்காது. பஸ்ஸில் பின்னுவது வேண்டவே வேண்டாம், ஒரு பிரேக் போதும். விமானம் என்றால், அமெரிக்க விமான நிலையங்களில் பின்னல் ஊசியைக் கைப்பையில் அனுமதிக்கிறார்கள். மற்ற இடங்களில் சோதனை செய்பவர் என்ன சொல்வாரோ, உலோக ஊசியையும் கத்தரிக்கோலையும் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவது உத்தமம். கையில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், கிளம்பும் முன் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிக்குள்ளும் வேறு நிற நூல் ஒன்றைக் கோத்துவிடுங்கள். ஊசியைப் பிடுங்கிக்கொண்டாலும் வேலை பிழைக்கும்.

சாப்பாடு? பின்னத் தொடங்கினால் நொறுக்குத் தீனி குறையும் என்பார்கள். என் விஷயத்தில் உண்மைதான், இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது மிக்சர் டப்பா எட்டாது. ஆனால் வரிசைக்கு ஒரு முறுக்கு என்று பேரம் பேசத் தொடங்கினால் உடம்பும் போச்சு, நூலும் போச்சு. வெளிர் நிற நூலில் ஏறிய மிளகாய்த்தூள் எண்ணெய் போவதில்லை. நான் சுண்டலைக் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் சாப்பிடுகிறேன், கூடவே கொய்யாத் துண்டும் முள்கரண்டியும். இன்னொன்று, “இந்த வரிசை முடிச்சுட்டு வரேன்” என்று மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளுவது. இது என் வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது ஓய்வும் ஆகாது, உடற்பயிற்சியும் ஆகாது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கையை உதறுங்கள். மணிக்கட்டு வலித்தாலோ விரல் மரத்தாலோ ஊசியைக் கீழே வைத்துவிட வேண்டும், குறையவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். மணிக்கட்டைப் பிரித்துப் பின்ன முடியாது.

குழந்தைக்குப் பின்னுபவர்கள் உள்பக்கம் நீண்டு கிடக்கும் நூல் முனைகளை ஊசியில் கோத்து உள்ளே மறைத்துவிட வேண்டும், பிஞ்சு விரலில் சுற்றிக்கொள்ளும். கழுத்தில் நாடா வேண்டாம். பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த ஸ்வெட்டரைப் பச்சிளங்குழந்தைக்குப் போடக் கூடாது. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரலாம். குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டியே நமக்குத் தெரியாது. பூச்சி அரிப்பது கம்பளியைத்தான், அக்ரிலிக்கை அல்ல. அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு அந்துருண்டையே தேவையில்லை.

கரடிக்குப் போன ஸ்வெட்டரைத் திரும்ப வாங்கிப் பிரித்தேன். நூல் நூடுல்ஸ் மாதிரி நெளிநெளியாக வந்தது. நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக் கொடியில் போட்டதில் நெளிவு பெரும்பாலும் போய்விட்டது. இந்த முறை சதுரம் பின்னி அளந்தேன். உடம்புக்குப் பழைய மஞ்சளே போதுமானதாக இருந்தது. கைக்கு இன்னொரு மஞ்சளைத் தேடாமல் அடர் ஊதா வாங்கினேன். பார்த்தவர்கள் எல்லோரும் அது டிசைன் என்றே நினைக்கிறார்கள்.