ஒரு ரூபாய்கூடப் போடாமல் பிட்காயின் பழகலாம்: முதல்முறை வருபவர்களுக்கான செய்முறை

"பிட்காயின் வாங்கலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "நாளைக்கு உங்கள் போன் கிணற்றில் விழுந்துவிட்டால், அதில் இருக்கும் பிட்காயினை எப்படி மீட்பீர்கள்?" பெரும்பாலும் பதில் வராது. விலை தெரிந்திருக்கும், போன வருடம் என்ன விலை என்பதுகூடத் தெரிந்திருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் பேச்சு நின்றுவிடும்.

வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்தால் ஆதார் அட்டையோடு கிளைக்குப் போய் நின்றால் போதும். பிட்காயினில் போய் நிற்க ஒரு கிளை கிடையாது, புகார் எழுத ஒரு மேனேஜர் கிடையாது. அதனால்தான் பழக்கம் முதலில், பணம் அப்புறம் என்று சொல்கிறேன். பழகுவதற்கென்றே மதிப்பில்லாத பயிற்சிக் காசு இருக்கிறது. ஒரு லேப்டாப், ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, இரண்டு மாலை நேரம். இவ்வளவுதான் தேவை.

படி 1: இது என்ன என்று ஒரு பத்து நிமிடம்

2008 அக்டோபர் 31 அன்று சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் 9 பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வங்கி போன்ற நடுவர் யாரும் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு இணையம் வழியாகப் பணம் அனுப்புவது எப்படி என்பதுதான் அதில் இருந்தது. அவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கில் அன்றைய லண்டன் டைம்ஸ் நாளிதழின் தலைப்பு ஒன்றைப் பதித்து வைத்தார். வங்கிகளைக் காப்பாற்ற இரண்டாவது முறையாக அரசு பணம் கொடுக்கப்போகிறது என்ற செய்தி அது.

பிட்காயினை ஒரு பெரிய கணக்குப் பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த முகவரியிலிருந்து (வங்கிக் கணக்கு எண் மாதிரி) எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பது மட்டும்தான் அதில் இருக்கும். அந்தப் பேரேட்டின் பிரதி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. அதில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு புதிய பக்கம் சேரும். அந்தப் பக்கத்தின் பெயர்தான் பிளாக். அதைச் சேர்க்கும் உரிமைக்காக 'மைனர்கள்' எனப்படுபவர்கள் தங்கள் கணினிகளை ஓட்டிப் போட்டி போடுகிறார்கள். ஜெயித்தவருக்குப் புதிய பிட்காயின் பரிசு. 2009-ல் ஒரு பிளாக்குக்கு 50 பிட்காயின். 2,10,000 பிளாக்குகளுக்கு ஒருமுறை அது பாதியாகும். 2024 ஏப்ரலில் 3.125 ஆனது. இப்படிக் குறைந்துகொண்டே போவதால் மொத்த எண்ணிக்கை 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது.

ஒரு முழு பிட்காயின் வாங்க வேண்டும் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. தேவையே இல்லை. ஒரு பிட்காயின் 10 கோடி சடோஷி. இனிமேல் நாம் சடோஷிக் கணக்கிலேயே பேசுவோம், அது கைக்கு அடங்கும்.

படி 2: பேரேட்டைக் கண்ணால் பாருங்கள்

மெம்பூல் டாட் ஸ்பேஸ் என்ற தளத்தைத் திறங்கள். கணக்கு தொடங்க வேண்டாம், போன் நம்பர் கொடுக்க வேண்டாம். மேலே வரிசையாகக் கட்டங்கள் தெரியும். புள்ளிக்கோட்டுக்கு ஒரு பக்கம் பேரேட்டில் ஏறிவிட்ட பிளாக்குகள், இன்னொரு பக்கம் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகள்.

தேடும் பெட்டியில் 170 என்று அடியுங்கள். 2009 ஜனவரி 12 அன்று சேர்ந்த பிளாக் இது. சடோஷி, ஹால் ஃபின்னி என்ற நிரலாளருக்கு 10 பிட்காயின் அனுப்பியது இதில்தான் இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய முதல் பிட்காயின் அது. நன்றாகப் பாருங்கள்: உள்ளே போவது 50, வெளியே வருவது இரண்டு வரி, ஒன்று 10, இன்னொன்று 40. பத்துதானே அனுப்பினார், நாற்பது எங்கே போகிறது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆறாவது படியில் உங்கள் கையாலேயே பதில் கிடைக்கும்.

படி 3: ஒத்திகை வலையில் ஒரு வாலட்

பிட்காயினைப் பெறவும் அனுப்பவும் உதவும் செயலிதான் வாலட். ஸ்பேரோ என்ற இலவச வாலட்டை லேப்டாப்பில் நிறுவுங்கள். ஸ்பேரோவாலட் டாட் காம் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூகுளில் தேடி, மேலே வரும் விளம்பர இணைப்பை அமுக்கவே அமுக்காதீர்கள். அச்சு அசல் போலவே இருக்கும் போலி வாலட்டுகள் அந்த வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன.

திறந்ததும் 'டூல்ஸ்' மெனுவில் 'ரீஸ்டார்ட் இன்' என்பதில் 'சிக்னெட்' என்று தேர்ந்தெடுங்கள். சிக்னெட் என்பது பிட்காயினின் ஒத்திகை மேடை. அதே விதிகள்தான், அதே மாதிரி பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக். ஆனால் அங்குள்ள காசுக்கு மதிப்பு கிடையாது. எந்த சர்வரோடு இணைவது என்று கேட்டால் பொது சர்வர் என்று கொடுங்கள், இப்போதைக்கு அது போதும்.

படி 4: பன்னிரண்டு வார்த்தைகள்

'ஃபைல்' மெனுவில் புதிய வாலட் என்று கொடுத்து, 12 வார்த்தை உள்ள சாஃப்ட்வேர் வாலட்டைத் தேர்ந்தெடுங்கள். திரையில் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் வரும். எல்லாம் 'அபாண்டன்' என்று தொடங்கி 'ஜூ' என்று முடியும் 2,048 வார்த்தைப் பட்டியலிலிருந்து வருபவை.

பலருக்கும் குழம்பும் இடம் இதுதான். உங்கள் காசு இந்த லேப்டாப்புக்குள் இல்லை, காசு பேரேட்டில் இருக்கிறது. அதைச் செலவு செய்யும் சாவிதான் உங்களிடம் இருக்கிறது. அந்தச் சாவிகள் எல்லாமே இந்தப் பன்னிரண்டு வார்த்தைகளிலிருந்துதான் பிறக்கின்றன. வார்த்தைகள் கையில் இருந்தால் உலகத்தில் எந்தக் கணினியிலும் உங்கள் வாலட்டைத் திறக்கலாம். உங்களால் முடியும் என்றால், அந்த வார்த்தைகளைப் பார்த்த வேறு யாராலும் முடியும்.

தாளில் 1 முதல் 12 வரை எண் போட்டு எழுதுங்கள். பயிற்சிதானே என்று ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். பயிற்சியில் கை எப்படிப் பழகுகிறதோ அப்படித்தான் நிஜத்திலும் செய்யும். கேலரியில் இருக்கும் படம் கூகுள் போட்டோஸுக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

படி 5: காசு வாங்குங்கள்

'ரிசீவ்' பக்கத்தைத் திறந்தால் நீளமாக ஒரு முகவரி தெரியும். ஒத்திகை வலையில் அது 'டிபி1' என்று தொடங்கும், நிஜ வலையில் பெரும்பாலும் 'பிசி1'. சிக்னெட் ஃபாசெட் என்று தேடினால் பயிற்சிக் காசைச் சும்மா தரும் தளங்கள் கிடைக்கும். அதில் உங்கள் முகவரியை ஒட்டுங்கள். பணம் கேட்டாலோ வார்த்தைகளைக் கேட்டாலோ உடனே மூடிவிட்டு வேறு ஒன்றைப் பாருங்கள்.

கொஞ்ச நேரத்தில் வாலட்டில் வரவு தெரியும், ஆனால் உறுதியாகவில்லை என்று காட்டும். பேரேட்டில் ஏறியதும் ஒன்று, அதன்மேல் இன்னொரு பிளாக் சேர்ந்ததும் இரண்டு என உறுதிப்பாடுகளின் எண்ணிக்கை கூடும். பெரிய தொகை என்றால் ஆறு வரை காத்திருப்பது வழக்கம்.

படி 6: அனுப்புங்கள், சில்லறையைக் கவனியுங்கள்

உங்களுக்கு 1,00,000 சடோஷி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வாலட் தொடங்கி, அல்லது கூடப் பழகும் நண்பரின் சிக்னெட் முகவரியை வாங்கி, 20,000 அனுப்புங்கள். 'செண்ட்' பக்கத்தில் முகவரி, தொகை, கட்டணம் மூன்றும் கேட்கும்.

கட்டணம் நீங்கள் அனுப்பும் தொகையைப் பொறுத்தது இல்லை. உங்கள் பரிவர்த்தனை பேரேட்டில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. நாம் செய்வது போன்ற எளிய பரிவர்த்தனை சுமார் 141 அலகு இடம் எடுக்கும். ஓர் அலகுக்கு 5 சடோஷி என்று வைத்தால் 705 சடோஷி. இருபதாயிரம் அனுப்பினாலும் இருபது கோடி அனுப்பினாலும் அதே 705தான்.

கையொப்பமிட்டு அனுப்பிவிட்டு, அந்தப் பரிவர்த்தனையை மெம்பூல் டாட் ஸ்பேஸின் சிக்னெட் பக்கத்தில் தேடிப் பாருங்கள். முழு ஒரு லட்சமும் போயிருக்கும்! முதல்முறை இதைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும், பதற வேண்டாம். கீழே இரண்டு வரி இருக்கும்: 20,000 நண்பருக்கு, 79,295 உங்களுடைய இன்னொரு முகவரிக்கு. மளிகைக் கடையில் 180 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 500 ரூபாய் நோட்டை நீட்டுகிறீர்கள். நோட்டைக் கிழித்துக் கொடுக்க முடியாதே, முழுசாகக் கொடுத்து 320 சில்லறை வாங்குகிறோம். இங்கேயும் அதேதான். வந்த காசு ஒரு முழு நோட்டு, அதை முழுசாகத்தான் செலவு செய்ய முடியும், மீதி சில்லறையாக உங்களுக்கே திரும்பும். சடோஷியின் அந்த 40 பிட்காயின் அவருடைய சில்லறை. கட்டணமாக அன்று அவர் ஒன்றும் தரவில்லை.

படி 7: அழியுங்கள், மீட்டெடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வாலட்டில் இருக்கும் தொகையைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பேரோவில் அந்த வாலட்டை அழித்துவிடுங்கள். உண்மையாகவே அழியுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்ப வந்து புதிய வாலட் தொடங்கி, இந்தமுறை தாளில் உள்ள பன்னிரண்டு வார்த்தைகளை வரிசையாக உள்ளிடுங்கள். சரியாக இருந்தால் பழைய வரவு செலவோடு அதே தொகை கண்ணெதிரே வந்து நிற்கும். அந்த ஒரு கணத்தில் பிட்காயின் பற்றிப் புரிவது, பத்து வீடியோ பார்த்தாலும் புரியாது.

எனக்கு முதல் முறை வரவில்லை. வார்த்தைகள் பொருந்தவில்லை என்று சிவப்பில் காட்டியது. பன்னிரண்டையும் மூன்று முறை சரிபார்த்தேன். ஏழாவது வார்த்தையை 'வுல்' என்று படித்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியிருந்தது 'வுட்'. சாய்வாக, வேகமாக எழுதியதில் கடைசியில் இருந்த ஆங்கில 'டி' எழுத்தின் வயிறு மறைந்து, 'எல்' மாதிரி ஒற்றைக் கோடாக நின்றிருந்தது. இரண்டு வார்த்தையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, அதுதான் சிக்கல். கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. பயிற்சிக் காசு என்பதால் நிம்மதியாகத் தேடினேன். அன்றிலிருந்து பெரிய எழுத்துகளில், ஒவ்வொரு எழுத்தாக அச்சடித்த மாதிரிதான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு வார்த்தை வாலட்டில் பிழை கண்டுபிடிக்கும் சோதனை சிறியது. தவறான வார்த்தையும் 16-ல் ஒரு வாய்ப்பில் 'சரி' என்று கடந்துவிடும், அப்போது காலியான வேறு ஒரு வாலட் திறக்கும். காலியாக இருக்கிறதே என்று அழுவதற்கு முன் வார்த்தைகளை மறுபடி பாருங்கள்.

படி 8: இனி நிஜக் காசு

மேலே சொன்னதெல்லாம் யார் உதவியும் இல்லாமல் இரண்டு முறை செய்ய முடிந்தால் மட்டும் இங்கே வாருங்கள். முழுசாக இழந்தாலும் மாதச் செலவு ஆட்டம் காணாத தொகை மட்டும் போதும். கடன் வாங்கி, நகை அடகு வைத்து, தயவுசெய்து வேண்டாம்.

இந்தியாவில் வாங்குவதற்கும் விற்பதற்கும் தடை இல்லை. வங்கிகள் இந்தத் துறைக்குச் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் போட்ட உத்தரவை, 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் பிட்காயின் சட்டபூர்வ நாணயம் கிடையாது, வரியும் கடுமை. 2022 ஏப்ரலிலிருந்து லாபத்தில் 30 சதவீதம் வரி, அதன்மேல் 4 சதவீதம் செஸ். 10,000 ரூபாய்க்கு வாங்கி 15,000-க்கு விற்றால் லாபம் 5,000, வரி 1,500, செஸ் 60. விற்கும்போதே 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், அதைக் கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. வாங்கிய தேதி, விலை எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதுங்கள். இலங்கை, சிங்கப்பூர், வளைகுடாவில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிட்காயினை வாங்கி விற்கும் தளத்தை, அதாவது எக்ஸ்சேஞ்சைத் தேர்ந்தெடுக்கும்போது மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ததா என்று பாருங்கள். பதிவு இருக்கிறது என்பதற்காகக் காசை அங்கேயே விட்டு வைக்க வேண்டாம். டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய எக்ஸ்சேஞ்ச். 2014 பிப்ரவரியில் அது திவாலானபோது சுமார் 8,50,000 பிட்காயின் காணவில்லை என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் திரையில் தங்கள் இருப்பைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், சாவி அவர்களிடம் இல்லை.

பணத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்று டெலிகிராமில் வருபவர், வாலட் சப்போர்ட்டிலிருந்து பேசுகிறேன் என்று வார்த்தைகளைக் கேட்பவர், எல்லோரும் திருடர்கள். விதிவிலக்கே இல்லை.

சரி, இப்போது ஸ்பேரோவை நிஜ வலையான மெயின்நெட்டுக்கு மாற்றி, புதிதாகப் பன்னிரண்டு வார்த்தைகளை உருவாக்குங்கள். பயிற்சி வார்த்தைகளை இங்கே பயன்படுத்தக் கூடாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து முதலில் மிகச் சிறிய தொகையை எடுங்கள். முகவரியை ஒட்டியதும் முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் வாலட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காப்பி செய்த முகவரியை நைசாக மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. வந்து சேர்ந்ததும் ஆறு உறுதிப்பாடு வரை காத்திருங்கள். பிறகு மறுபடியும் அதே வேலை: வாலட்டை அழித்துவிட்டு, தாளைப் பார்த்து மீட்டெடுங்கள். அந்தச் சிறிய தொகை திரும்பி வந்த பிறகு அடுத்ததை அனுப்புங்கள்.