தவளைக் கருவின் கேஸ்ட்ருலேஷன்: நெடுக்குவெட்டுப் படத்தை நம்பினால் வரும் தவறுகள்

தவளைக் கருவின் கேஸ்ட்ருலேஷனை, அதாவது செல்கள் இடம்பெயர்ந்து புறப்படை, இடைப்படை, அகப்படை என்ற மூன்று அடுக்குகளாக அமையும் கட்டத்தை, நாம் பெரும்பாலும் ஒரே ஒரு நெடுக்குவெட்டுப் படத்தை வைத்துத்தான் படிக்கிறோம். வரைய எளிது, தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் இந்தப் பாடத்தில் மாணவர்கள் செய்யும் தவறுகள் பலவும் அந்தப் படத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

பந்தை விரலால் அமுக்கியதுபோல் பிளாஸ்டுலாவின் (இதற்கு முந்தைய நிலையில், உள்ளே வெற்றிடம் உள்ள செல் பந்தாக இருக்கும் கருவின்) சுவர் உள்ளே குழிகிறது என்று எழுதுவது முதல் தவறு. தவளைக் கருவின் கீழ்ப்பாதி முழுக்கக் கருவுணவு நிறைந்த பெரிய செல்கள். அங்கே அப்படிக் குழிய வழியே இல்லை. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் செனோபஸ் லேவிஸ் என்ற தவளையை எடுத்துக்கொள்வோம். கருவுற்று ஏறக்குறைய 10 மணி நேரம் ஆனதும், முதுகுப் பக்கத்தில், கருவின் கிடைமட்ட நடுக்கோட்டுக்குக் கீழே ஒரு கருங்கோடு தெரியும். அங்குள்ள செல்களின் வெளிமுனை சுருங்கி நிறமி ஒரே இடத்தில் நெருங்குவதால்தான் அந்தக் கருமை. இவைதான் குப்பிச் செல்கள். அந்தக் கோட்டை ஒட்டி உருவாகும் பிளாஸ்டோபோர் (செல்கள் உள்ளே போகும் திறப்பு) உதட்டில்தான் செல் அடுக்கு வளைந்து உள்ளே திரும்புகிறது.

உடனே அடுத்த தவறு: மற்ற செல்களையெல்லாம் உள்ளே இழுப்பது குப்பிச் செல்கள்தான் என்பது. உயிரியலாளர் ரே கெல்லர் அவற்றை வெட்டி எடுத்துப் பார்த்தார். ஆர்க்கென்டிரானின் (பின்னர் குடலாகும் உட்குழிவின்) முன்முனை குறைபட்டதே தவிர, உள்திரும்பல் நிற்கவில்லை. தொடங்கி வைப்பது வேறு, நடத்திச் செல்வது வேறு.

அப்படியானால் நடத்துவது எது? படம் மறைப்பதே இதைத்தான். முதுகுப்புற இடைப்படையின் செல்கள் இடவலமாக நீண்டு, இரு முனைகளிலும் சிறு நீட்சிகளை விட்டு, பக்கத்துச் செல்களைப் பற்றி இழுத்து, அவற்றுக்கு நடுவே நுழைகின்றன. எல்லாச் செல்களும் இப்படி இடவலமாக நெருக்கியடிக்கும்போது திசுவின் அகலம் குறைகிறது. தலை–வால் திசையில் அது நீள்கிறது. குவிந்து நீளல் என்பது இதுவே. நெடுக்குவெட்டில் நீள்வது தெரியும். குவிவதோ தாளுக்குச் செங்குத்தான திசையில் நடப்பதால் கண்ணில் படாது. அதனால்தான் ‘செல்கள் பெருகுவதால் திசு நீள்கிறது’ என்று தோன்றிவிடுகிறது. கரு இந்தக் கட்டத்தில் வளர்வதே இல்லை. அந்தத் திசுவைத் தனியே வெட்டித் தட்டில் வைத்தாலும் அது தானாகவே குறுகி நீள்கிறது. முன்னால் இழுப்பவரும் வேண்டாம், பின்னால் தள்ளுபவரும் வேண்டாம்.

இதை எல்லா இடைப்படைச் செல்களுக்கும் பொதுவாக்கிவிடவும் கூடாது. தலைப்பக்கம் போகும் முன்னணிச் செல்கள் பிளாஸ்டோசீல் (பிளாஸ்டுலாவின் உள் வெற்றிடம்) கூரையின் உட்பக்கத்திலுள்ள ஃபைப்ரோநெக்டின் என்ற புரத இழைகளைப் பற்றி ஊர்ந்துதான் போகின்றன. வெளியே புறப்படையோ பல அடுக்குச் செல்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து மெலிந்து, கருவைப் போர்த்தியபடி கீழே இறங்குகிறது. குவிந்து நீளல், ஊர்தல், போர்த்தல் மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பவை. விடைத்தாளில் ஒன்றன்பின் ஒன்றாக எண் போட்டு எழுதுவதால் தனித்தனிக் கட்டங்கள் என்று எண்ணிவிடுகிறோம்.

இன்னும் இரண்டு சில்லறைத் தவறுகள், ஆனால் மதிப்பெண் போகும். பிளாஸ்டோபோர் வாயாக மாறாது. அது அமையும் பக்கம் மலவாய்ப் பக்கம், வாய் பிறகு எதிர்முனையில் திறக்கும். ஸ்பேமனும் ஹில்டே மான்கோல்டும் 1924-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனை (பிளாஸ்டோபோர் உதட்டை வெட்டி வேறொரு கருவில் ஒட்டியது) தவளையில் செய்ததில்லை, நியூட் என்ற வாலுள்ள நீர்நிலவாழ்வியில் செய்தது.