அரசு நர்சிங் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? 'கோட்டா' என்ற சொல்லில் நாங்கள் வழுக்கிய கதையோடு

அக்கா மகளுக்கு பி.எஸ்சி. நர்சிங் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது நான்தான். பிளஸ் 2 ரிசல்ட் வந்த அன்று காலையிலேயே அக்கா வீட்டு போனுக்கு அழைப்புகள் தொடங்கிவிட்டன. "சார், பாப்பாவுக்கு நர்சிங் சீட் இருக்கு, இன்னிக்கே ஐயாயிரம் கட்டிட்டா போதும்" என்று யார் யாரோ. நம்பர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று அத்தான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கூத்தில் ஒரு தப்பு நடக்கவிருந்து கடைசி நேரத்தில் தப்பித்தோம். அதற்காகத்தான் இந்தப் பதிவு. தமிழ்நாட்டுக் கணக்கு மட்டும்தான் எனக்குத் தெரியும், அதையே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. "எந்தப் பல்கலைக்கழகம் நல்லது மாமா?" என்று அவள் கேட்டாள். இங்கே அது கேள்வியே இல்லை. தாங்களே பட்டம் கொடுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டால், தமிழ்நாட்டு நர்சிங் கல்லூரிகள் அரசோ தனியாரோ, எல்லாம் கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான். பட்டத்தில் அச்சாகும் பல்கலைக்கழகப் பெயர் ஒன்றே. அதனால் "எங்க காலேஜ் எம்.ஜி.ஆர். யுனிவர்சிட்டி சார்" என்று போனில் யாராவது பெருமையாகச் சொன்னால், அது "எங்க பஸ்ஸுக்கு சக்கரம் இருக்கு சார்" என்பது மாதிரி. பார்க்க வேண்டியது கல்லூரி யாருடையது, அதற்குப் பின்னால் எந்த ஆஸ்பத்திரி நிற்கிறது, இந்த இரண்டும்தான்.

படி 1: மார்க்கைச் சரியாகக் கணக்குப் போடுங்கள்

மொத்த மார்க்கைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம், வருத்தப்படவும் வேண்டாம். மார்க் வரிசைப்படி கல்லூரி இடம் ஒதுக்கும் கலந்தாய்வுக்கு 200-க்குத்தான் கணக்கு. உயிரியல் அப்படியே 100, வேதியியலில் பாதி 50, இயற்பியலில் பாதி 50. உயிரியல் 92, வேதியியல் 85, இயற்பியல் 78 என்றால் 92 + 42.5 + 39, ஆக 173.5. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்தவர்கள் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து உயிரியல் இடத்தில் போடுங்கள். எங்கள் பெண் தமிழில் 97 வாங்கியிருந்தாள், இந்தக் கணக்கில் அதற்கு ஒரு பைசா மதிப்பில்லை.

படி 2: எத்தனை வாசல் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாநில அரசுக் கல்லூரிகளுக்கு நீட் வேண்டாம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும், மாணவர் சேர்க்கைக்கான அரசுத் தேர்வுக் குழு பிளஸ் 2 மார்க்கை வைத்தே கலந்தாய்வு நடத்துகிறது. மத்திய அரசின் புதுச்சேரி ஜிப்மருக்கு நீட் மார்க் வேண்டும். ராணுவ நர்சிங் சேவைக்கும் நீட் வேண்டும். மொத்தம் 220 இடம், திருமணமாகாத பெண்களுக்கு மட்டும், படித்து முடித்தால் ராணுவத்தில் லெப்டினன்ட் அதிகாரி. எய்ம்ஸ் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது, டெல்லி எய்ம்ஸில் பெண்களுக்கு மட்டும். அங்கே ஆங்கிலத்தையும் சேர்த்து 55 சதவீதம் கேட்பார்கள். "டாக்டருக்குத்தானே நீட்" என்று எங்கள் பெண் அதை எழுதவே இல்லை. இரண்டு வாசல் அங்கேயே அடைந்தது. பிளஸ் 1 படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

படி 3: சான்றிதழ்கள்

சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மார்க் பட்டியல், முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், நீட்டவில்லை. இரண்டே இரண்டு சொல்கிறேன். முதல் பட்டதாரிச் சான்றுக்கு ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள், அந்த வாரம் இ-சேவை மையத்தில் திருவிழாக் கூட்டம். அப்புறம், விண்ணப்பத்தில் கொடுக்கும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். நான் முதலில் விண்ணப்பம் போடப்போன பிரவுசிங் சென்டரில் அந்தப் பையன் அவன் மின்னஞ்சலையே தட்டத் தொடங்கினான், "எல்லாருக்கும் இதான்ணே போடுவேன்" என்றான். ஓ.டி.பி.யும் கடவுச்சொல்லும் அவனிடம் போனால், கல்லூரி தேர்வு செய்யும் நாளில் அவன் கடையைத் திறக்கும்வரை நாம் வாசலில் நிற்க வேண்டியதுதான். எழுந்து வந்துவிட்டேன். நண்பனின் லேப்டாப்பை இரவல் வாங்கி வீட்டில் உட்கார்ந்து போட்டோம். மொபைலில் போடலாம் என்பார்கள், போடாதீர்கள். கல்லூரிப் பட்டியலில் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. அந்தப் 'பாதி' எவ்வளவு முக்கியம் என்று அடுத்த படியில் தெரியும்.

படி 4: கோட்டா. இங்கேதான் வழுக்கினேன்

சிறுபான்மை அல்லாத தனியார் நர்சிங் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் அரசுக்கு விட்டுக்கொடுக்கின்றன. அந்த இடங்களும் இதே கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன. இதற்குப் பெயர் அரசு ஒதுக்கீடு, பேச்சு வழக்கில் 'கவர்ன்மென்ட் கோட்டா'. இங்கே 'கவர்ன்மென்ட்' என்பது இடத்தை ஒதுக்குபவரைக் குறிக்கிறது. கல்லூரி தனியாருடையது, கட்டணமும் தனியார் கணக்குதான். கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டை விடக் குறைவு, அவ்வளவே. அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் சில ஆயிரத்தோடு முடியும். தனியார் கல்லூரியில் கட்டணத்துக்கு மேல் பஸ், சீருடை, விடுதி, ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு 'கிளினிக்கல் ஃபீஸ்' என்று ஒவ்வொன்றாக முளைக்கும்.

எனக்கு இது தெரியாது. ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டரில் ஒரு கல்லூரி. "கவர்ன்மென்ட் சீட் சார், கலந்தாய்வில் எங்களை முதலாவதாகப் போடுங்க" என்று அங்கிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அரசுக் கல்லூரி பக்கத்திலேயே வந்துவிட்டது என்று அக்காவுக்கு ஒரே பூரிப்பு. நானும் நாற்பது பக்க நோட்டில் அதையே முதல் வரியாக எழுதி வைத்தேன். எந்தக் கல்லூரி முதலில் வேண்டும் என்ற விருப்பப் பட்டியலைப் போட உட்கார்ந்த இரவு எங்கள் பெண்தான், "மாமா, மற்றதில் எல்லாம் 'அரசு'ன்னு பேருக்கு முன்னால் இருக்கு, இதில் டிரஸ்ட்னு இருக்கே" என்றாள். லேப்டாப் திரையில் முழுப் பெயரும் ஒரே வரியில் தெரிந்ததால்தான் அவள் கண்ணில் பட்டது. மறுநாள் அந்த மனிதருக்கு போன் செய்து கேட்டேன். "கோட்டா கவர்ன்மென்ட்தானே சார், நான் பொய் சொல்லலையே" என்றார். சொல்லவில்லைதான்!

ஆக, கல்லூரிப் பெயரை மட்டும் பார்க்காமல் அரசா தனியாரா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரில் எழுதிக்கொள்ளுங்கள். நீண்ட காலமாக இருக்கும் அரசு நர்சிங் கல்லூரிகள் சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு, தேனி, சிவகங்கை. சிதம்பரம் ராணி மெய்யம்மை நர்சிங் கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடம் இருந்தது, 2021-இல் மாநில சுகாதாரத் துறைக்கு வந்தது. இதுபோக மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து நாடு முழுக்க 157 நர்சிங் கல்லூரிகள் என்று 2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள், தமிழ்நாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. அதனால் பழைய பட்டியலை மனப்பாடம் செய்யாமல் தேர்வுக் குழு வெளியிடும் அந்தந்த வருடத்து விளக்கக் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். நான் அதை அச்சிட்டு வைத்துக்கொண்டேன். எக்செல், கூகுள் ஷீட் எல்லாம் இருக்கட்டும், விருப்ப வரிசை போடுவதற்கு நோட்டும் பென்சிலும் அழிரப்பரும்தான் சரி. வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், அழித்து அழித்து எழுத வேண்டியிருக்கும்.

படி 5: எதை முதலில் போடுவது?

ஆஸ்பத்திரியைப் பார்த்துப் போடுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஒரு நர்சிங் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கை உள்ள தாய் மருத்துவமனை, அதாவது கல்லூரிக்குச் சொந்தமான ஆஸ்பத்திரி, வேண்டும். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையையும் மதுரை ராஜாஜி மருத்துவமனையையும் அந்த 100-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஊர் மாவட்ட ஆஸ்பத்திரிக்கும் காலை ஏழு மணிக்குப் போய் நின்று பாருங்கள், தனியார் கல்லூரி பஸ்கள் வரிசையாக வந்து பிள்ளைகளை இறக்கிவிடும். ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள், முன்னால் நிற்கும் இரண்டு பேர்தான் ஊசி போடுவார்கள். நான் பார்த்தது இதுதான். எல்லாத் தனியார் கல்லூரியும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் சொந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நோயாளி வருகிறார்கள் என்று நேரில் போய்ப் பார்க்காமல் சேராதீர்கள்.

ஊர்ப் பெயரையும் நம்பாதீர்கள். தேனி மருத்துவக் கல்லூரி தேனி டவுனில் இல்லை, ஆண்டிபட்டி போகும் வழியில் க.விலக்கில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போய்விடலாம் என்று நினைத்து வீடு பார்ப்பவர்கள் உண்டு.

எங்கள் வரிசை மதுரை, சிவகங்கை, தேனி, சென்னை. சென்னையை ஏன் கடைசியில் போட்டேன் என்று நண்பர்கள் திட்டினார்கள். பெண் வீட்டுப் பக்கம் இருந்தால் போதும் என்றாள், படிப்பவள் அவள்தானே.

பிறகு சேர்த்தது:

நர்சிங்கில் டிப்ளமோ போதாதா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அது மூன்று வருடம், பி.எஸ்சி. நான்கு வருடம். அரசு நர்ஸ் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வைக்கும் தேர்வை இரண்டு பேரும் எழுதலாம். மேலே எம்.எஸ்சி. படிப்பது, கற்பிக்கும் வேலைக்குப் போவது என்று வந்தால் பி.எஸ்சி. நேர்வழி. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீடு என்றால் அரசு மருத்துவமனையில் டிப்ளமோ ஒன்றும் குறைவில்லை. எதைப் படித்தாலும் முடித்ததும் மாநில நர்ஸ் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் வேலை.

இன்னொருவர் எழுதியது மனசைப் பிசைந்தது. கலந்தாய்வு தாமதமாகிறதே என்று பயந்து ஒரு தனியார் கல்லூரியில் மகளைச் சேர்த்துவிட்டார், அசல் டி.சி.யையும் மார்க் பட்டியலையும் கொடுத்துவிட்டார். ஆறு வாரம் கழித்து அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சான்றிதழைத் திருப்பிக் கேட்டால் நான்கு வருடக் கட்டணத்தையும் கட்டச் சொல்கிறார்களாம். கலந்தாய்வு ஜூலை தாண்டி, ஆகஸ்ட் தாண்டி இழுக்கத்தான் செய்யும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிடும், நம் பிள்ளை வீட்டில் இருக்கும், சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். அத்தான் டி.சி.யை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.